படியெடுக்காத இனம் படியேறாது!

ஈட்டுவது ஓர் ஆற்றல். ஈட்டியதைக் காப்பது அதனினும் பெரிய ஆற்றல். ஈட்டுவதில் தமிழன் எந்நாட்டானுக்கும் இளைத்தவன் அல்லன். காப்பதில்தான் அவன் காலமெல்லாம் கோட்டை விட்டான். கறையான் அரித்தது, கரையோரம் பெருக்கெடுத்த ஆற்றில் விடப்பட்டது, அடுப்பில் எரிந்தது என்று, இழந்துபோன ஏட்டுச் சுவடிகளுக்காக நாம் பாடாத ஒப்பாரி இல்லை. ஒப்பாரி பாடத் தெரிந்த நமக்கு, ஒவ்வொரு சுவடிக்கும் இன்னொரு படி எடுத்து வேறோர் ஊரில் வைக்க மட்டும் தெரியாமற் போயிற்று!

தமிழ் நெஞ்சங்களே! அது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். அதே இழப்பு, இன்று கண்ணுக்குத் தெரியாத வடிவில், நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து நிற்கின்றது. அன்று ஏட்டில் இருந்தவை இன்று கணிப்பொறியில் இருக்கின்றன. அன்று கறையான், இன்று பழுதுற்ற வன்தட்டு. அன்று தீ, இன்றும் தீ. ஒன்றுதான் மாறியிருக்கின்றது. அன்று ஏட்டைக் காக்கும் கலை தமிழில் இருந்தது. இன்று தரவைக் காக்கும் கலை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கின்றது. பெட்டி நம்முடையது, பெட்டிக்குள் இருப்பது நம்முடையது, திறவுகோல் மட்டும் பிறமொழியில் தொங்குகின்றது. இந்நிலையைச் சுட்டிக்காட்டவே இக்கட்டுரை.

ஊத்துக்குளியை எடுத்துக்கொள்வோம். ஊற்று என்னும் சொல்லே மக்கள் நாவில் ஊத்து என வழங்கும். வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊர். கதித்தமலை முருகனால் அறியப்பட்ட ஊர். ஈரோட்டிலிருந்து கோவை செல்லும் இருப்புப் பாதையில் திருப்பூருக்கு முன்னே நிற்கும் ஊர். 2009-ஆம் ஆண்டு திருப்பூர் தனி மாவட்டமான போது அதனுள் வந்தது. இன்று அதனைச் சுற்றி நூற்பாலைகள், விசைத்தறிக் கூடங்கள், மக்கள் 'பனியன் கம்பெனி' என்று வழங்கும் பின்னலாடைக் கூடங்கள். நூல் வாங்கியது எவ்வளவு, பின்னியது எவ்வளவு, சாயத்திற்குச் சென்றது எவ்வளவு, வெட்டியது எவ்வளவு, 'ஓவர்லாக்' தைத்தவர் எத்தனை உருப்படி, 'பேட்லாக்' தைத்தவர் எத்தனை உருப்படி, வாரக் கடைசியில் யார்க்கு எவ்வளவு கூலி என்பன எல்லாம் ஒரு காலத்தில் சிட்டையிலும் பேரேட்டிலும் தமிழில் இருந்தன. கணக்கர் வரவில்லை என்றால் அடுத்தவர் பேரேட்டைப் புரட்டிக் கூலியை எண்ணிக் கொடுத்தார். ஏன்? அது அவருக்கும் புரியும் மொழியில் இருந்தது!

இன்று அவை யாவும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. தரவுத்தளம் என்பது மந்திரமன்று. செய்திகளை அட்டவணை அட்டவணையாகப் பகுத்து வைத்து, ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு பொருத்திக் கேட்ட விடையைத் தரும் முறை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிசெய்த எட்கர் காடு என்பார் 1970-இல் இதன் கோட்பாட்டை வகுத்தார். தையலர் பட்டியல் ஓர் அட்டவணை. தைத்த உருப்படிகள் இன்னோர் அட்டவணை. இரண்டையும் பொருத்தினால் கூலிப் பட்டியல். இவ்வளவே. இதில் தமிழால் சொல்ல முடியாத நுட்பம் எது? இதனைப் பேணுகின்றவர் தரவுக் காப்பாளர். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என வரையறுப்பதும், நாள்தோறும் படியெடுப்பதும், கெட்டுப்போனால் அப்படியிலிருந்து மீட்பதும் அவர் கடமை.

ஊத்துக்குளியிலோ அவிநாசியிலோ ஓர் ஆலையில், வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வழங்கிப் பொறி நின்றுவிடுகின்றது என்று கொள்ளுங்கள். மறுநாள் காரி(சனி)க்கிழமை, கூலி நாள். காப்பாளர் கோவையில் இருக்கின்றார், தொலைப்பேசி எடுக்கவில்லை. மீட்கும் முறை ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கின்றது, சுவரில் ஒட்டவும் பட்டிருக்கின்றது, ஆனால் ஆங்கிலத்தில்! அங்கே இரவு முறையில் நிற்கும் மேற்பார்வையாளர் தமிழில் நன்கு படித்தவர்; பதினைந்து ஆண்டுகளாக எந்திரங்களின் மூச்சை அறிந்தவர்; ஆனால் அந்தத் தாள் அவரோடு பேசவில்லை. விடிந்ததும் நூறு தையலர் கூலிக்கு நிற்பார்கள். அவர்கள் அரிசிக்கும் பிள்ளை படிப்புக்கும் கணக்கிட்டு வைத்திருக்கும் பணம், ஒரு தாள் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதில் தொங்குகின்றது. மொழிச் சிக்கல் மேடைச் சிக்கல் என்பாரே, அவர் இத் தையலர் முன் வந்து நின்று அதைச் சொல்லட்டும்!

வினாக்குறியாகும் பெயர்கள்

இதனினும் கொடிய ஒன்று உண்டு. தரவை மீட்டாயிற்று; எண்களெல்லாம் வந்துவிட்டன; ஆனால் தமிழ்ப் பெயர்கள் இருந்த இடமெல்லாம் வரிசை வரிசையாக வினாக்குறிகள்! கயல்விழி இல்லை, வேலுச்சாமி இல்லை, ஊத்துக்குளி இல்லை. அத்தனையும் வினாக்குறி. இது கற்பனையன்று. தமிழைத் தரவுத்தளத்தில் இட்ட பலர் கண்ட காட்சி.

இதன் கரணியம் எளியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் ஒருங்குறியில், 1991-இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால், தரவுத்தளத்தை அமைக்கும்போதோ படியெடுக்கும்போதோ மீட்கும்போதோ, மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டுமே உரிய பழைய குறிமுறையைக் காப்பாளர் கவனியாமல் விட்டுவிட்டால், பொறி தனக்குத் தெரியாத எழுத்து ஒவ்வொன்றையும் வினாக்குறியாக மாற்றி எழுதிவிடும். எழுதிய பின் மீட்சி இல்லை. அந்த வினாக்குறிக்குள் கயல்விழி ஒளிந்திருக்கவில்லை, அவள் அழிந்துவிட்டாள். ஆங்கிலத்தில் இடப்பட்டவை அழியா, எண்கள் அழியா, தமிழ் மட்டும் அழியும். அதனால்தான் பலரும் அதனைக் கண்டுபிடிப்பதே இல்லை!

இன்னொன்று கேளுங்கள். கயல்விழி என்பது ஐந்தெழுத்துப் பெயர். ஒருங்குறியில் அது எட்டுக் குறிகள். பெருவழக்கான சேமிப்பு முறையில் தமிழ்க்குறி ஒன்றுக்கு 3 பைட்டு இடம் வேண்டும். ஆக, ஐந்தெழுத்துப் பெயருக்கு 24 பைட்டு. பெயருக்கு 20 பைட்டு போதும் என்று ஆங்கிலக் கணக்கில் ஒருவன் கட்டம் வரைந்து வைத்தால், நம் தையற்காரிக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை! இடத்தைப் பைட்டால் அளக்காமல் குறியால் அளக்க வேண்டும் என்று அமைப்பில் ஒரு சொல் சேர்த்தால் போதும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்கும் எண்ணம் வராமைக்குக் கரணியம், தமிழ்ப் பெயர் அக்கட்டத்திற்கு வரும் என்று யாரும் எதிர்பாராமையே.

அகரவரிசை படும் பாடும் அதுவே. ஒருங்குறியின் எண் வரிசையில் ன என்னும் எழுத்து ந-வை அடுத்து நிற்கின்றது; ற, ர-வை அடுத்து நிற்கின்றது; ள, ழ ஆகியவை வ-வுக்கு முன்னே நிற்கின்றன. அந்த எண் வரிசையையே அகரவரிசை என்று கொண்டால், தமிழ்ச் சிறுவன் மூன்றாம் வகுப்பில் கற்ற நெடுங்கணக்குத் தலைகீழாகும். தமிழுக்குரிய முறையான வரிசை, ஒருங்குறி அமைப்பார் தொகுத்துள்ள மொழித் தரவுகளில் இருக்கின்றது. கேட்டால் தரும். கேட்பார் யார்?

இத்தொல்லை எதற்கு, ஆங்கிலத்திலேயே பெயரை இட்டுவிடலாமே என்பார் உளர். அப்படித்தான் இட்டார்கள். விளைவு என்ன? ஊத்துக்குளி என்று தமிழில் எழுத ஒரே முறை. ஆங்கிலத்தில் எழுத எத்தனை முறை! 'டி' ஒன்றா இரண்டா, 'எச்' உண்டா இல்லையா, 'கே' ஒன்றா இரண்டா? ஆளுக்கொரு விதம். பொறிக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு ஊர்! தமிழ்நாட்டரசு 2020 சூன் திங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டதும், எழுந்த குழப்பத்தால் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றதும் நீங்கள் அறிந்ததே.

ஊருக்கு நேர்ந்தது ஆளுக்கும் நேர்கின்றது. ழ-வை ஒருவன் ஒரு வகையில் எழுதுகின்றான். இன்னொருவன் வேறு வகையில் எழுதுகின்றான். தந்தை பெயரின் தலையெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கின்றது. ஆலைப் பதிவேட்டில் ஒரு கூட்டல். ஆதாரில் ஒரு கூட்டல். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒரு கூட்டல். பத்தாண்டு குனிந்து தைத்து முதுகு வளைந்தவள், தன் பணத்தைக் கேட்கப் போனால், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படுகின்றாள். அவள் பெயர் பிறந்த நாளிலிருந்து ஒன்றுதான்! பிழைபட்டது அவள் பெயரன்று; அதனைப் பிறமொழிக் கூண்டில் அடைத்தவர் வேலை.

கல்லில் படியெடுத்த முன்னோர்

தமிழனுக்கு இஃதொன்றும் புதிய கலையன்று. சோழப் பேரரசின் ஆவண முறையைக் கல்வெட்டுகளில் பாருங்கள். மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையைக் கேட்டு ஓலையில் எழுத ஒருவர். அதனை ஒப்பு நோக்க ஓலைநாயகம். வரிக்கணக்கில் ஏற்றப் புரவுவரித் திணைக்களத்தார். அவருள் வரிப்பொத்தகத்தார், முகவெட்டி எனப் பல பதவியினர். எழுதியவரே ஒப்பு நோக்குவதில்லை. ஒப்பு நோக்கியவரே பதிவேட்டில் ஏற்றுவதில்லை. தரவைத் திருத்தும் உரிமை ஒரே கையில் குவியலாகாது என்று இன்றைய வல்லுநர் சொல்லும் நெறி இதுவன்றி வேறென்ன?

ஓலையோடும் விடவில்லை. செப்பேட்டில் வெட்டினர், கோயிற் சுவரில் பொறித்தனர். நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் கொடுத்தான். அவன் மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தான். ஓலை மறைந்தது, செப்பேடு நின்றது. அது கடல் கடந்து நெதர்லாந்து சென்று இலெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது. செய்தி மட்டும் அழியவில்லை!

திருக்கோடிக்காவல் கோயிலுக்குச் சென்று பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைத் தூக்கி எறியவில்லை. அவற்றையெல்லாம் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடியும் வெட்டுவித்தார். அவை பழைய கல்லின் படி என்பதையும் மறைக்காமல் பொறித்தார்கள். பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்குத் தரவை மாற்றுவது எப்படி என்பதற்கு இதைவிட நேர்மையான எடுத்துக்காட்டு உண்டா? அவர்கள் ஆண்ட சொல் என்ன? படி! நாம் இன்று காப்புப்படி என்று சொல்வது புனைந்த சொல்லன்று. ஆயிரமாண்டுக் கல்லில் நிற்கும் சொல்.

இன்றைய வல்லுநர் கூறும் நெறி ஒன்று உண்டு. தரவுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஓலை, செப்பேடு, கல் எனப் பொருள்மாற்றியும், அரசன் அலுவலகம், கோயில் என இடம்மாற்றியும் வைத்தவன் பெயரன், அயலான் வந்து இந்நெறியைச் சொல்லும்போது புதுமை கண்டவன் போல் வாய் பிளந்து நிற்கின்றான்!

அந்நெறியைக் கைவிட்டதன் கூலி என்ன என்பதை யாழ்ப்பாணம் அறியும். 1981 மே இறுதி நாள் இரவில் தொடங்கிய வெறியாட்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச் சுவடிகள். எரித்த கொடுமையை நாம் என்றும் மன்னோம். ஆயினும், அச் சுவடிகளுக்கு வேறிடத்தில் படிகள் இருந்திருந்தால், எரித்தவன் கட்டடத்தைத்தான் எரித்திருப்பான். அறிவை எரித்திருக்க மாட்டான். அப்பாடத்தைக் கற்ற தமிழர், 1998-இல் மதுரைத் திட்டத்தையும் 2005-இல் நூலகம் என்னும் மின்னூல் தொகுப்பையும் தொடங்கினர். படியெடுத்தலே அவர் ஏந்திய படைக்கலம்.

உலகம் கற்ற பாடங்கள்

படி இருந்தால் மட்டும் போதாது. மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். 2017 சனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர், துணைப் பொறியில் அழிக்க வேண்டியதை முதன்மைப் பொறியில் அழித்துவிட்டார். நொடிகளில் ஏறத்தாழ 300 கிகாபைட்டு தரவு போயிற்று. அஞ்சவேண்டா, ஐந்து வகைக் காப்பு இருக்கின்றது என்று திறந்து பார்த்தார்கள். ஐந்தும் கைகொடுக்கவில்லை! நாள்தோறும் படியெடுக்க வேண்டிய நிரல், பதிப்பு வேறுபாட்டால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்னும் எச்சரிக்கை அஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறுமணி நேரத்திற்கு முன் எடுக்கப்பட்ட படி ஒன்றே அவர்களைக் காத்தது. ஆயினும் அவர்கள் ஒன்று செய்தார்கள். நடந்ததை நடந்தவாறே உலகறிய எழுதினார்கள். பிழை செய்தவரைத் தூற்றவில்லை. பிழை எங்கே பிறந்தது என்று காட்டினார்கள். அந்த எழுத்தைப் படித்து எத்தனையோ காப்பாளர்கள் தம் படிகளைச் சோதித்துக் கொண்டார்கள்.

அதே 2017 சூன் திங்களில், தென்மார்க்கு நாட்டுக் கப்பல் நிறுவனமான மேர்சுக்கை ஒரு தீநிரல் தாக்கியது. பணிப்பொறிகளின் நுழைவுரிமைப் பதிவேடு பல நாடுகளில் பல படிகளாக இருந்தது. ஆனால், அவை யாவும் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால் ஒருங்கே அழிந்தன. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் மின்வெட்டால் நின்றுபோயிருந்த ஒரு பொறியில் மட்டும் அப்பதிவேடு தப்பியிருந்தது. மின்வெட்டு காத்த நிறுவனம்! இணைப்பில் இருக்கும் படி, படியன்று, அது நிழல். உரு அழிந்தால் நிழலும் அழியும்.

மொழிப்பற்று மட்டும் இருந்தால் காப்பு வந்துவிடுமா? வராது. தென்கொரியர் தம் அரசுப் பணிகளைத் தம் மொழியிலேயே நடத்துகின்றவர்கள். ஆயினும், 2025 செப்டம்பர் 26 அன்று தேசோன் நகரில் அவர்தம் அரசுத் தரவு நடுவத்தில் மின்கலத்திலிருந்து தீப்பற்றியபோது, அரசு அலுவலர் ஆவணங்களைச் சேமித்து வைத்த அமைப்பொன்றில் 858 டெராபைட்டு அழிந்தது. வேறிடத்தில் அதற்குப் படி இல்லை. மொழியும் வேண்டும்; முறையும் வேண்டும். மொழியிருந்து முறையில்லையேல் கொரியர் பட்ட பாடு. முறை நூல்களில் இருந்தும் மொழி இல்லையேல், இரவு பதினொரு மணிக்கு ஊத்துக்குளி மேற்பார்வையாளர் படும் பாடு. நமக்கோ இரண்டும் இல்லை!

சங்கம் கூடுகின்றது, தமிழ் எங்கே?

தரவுக் காப்பாளன் ஒருவன் தனியாக நின்று இவற்றையெல்லாம் கற்க முடியாது. ஒருவன் வீழ்ந்த குழியை இன்னொருவனுக்குக் காட்டுவதே இத்தொழிலின் கல்வி. அதனால்தான் கணிப்பொறி தோன்றிய சில ஆண்டுகளிலேயே, 1955-இல், அமெரிக்காவின் லாசு ஏஞ்செல்சில் ஐ.பி.எம். பொறிகளைப் பயன்படுத்தியவர்கள் சேர் என்னும் பயனர் கழகத்தை அமைத்தார்கள். விற்றவன் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிராமல், வாங்கியவர்கள் கூடிப் பேசினார்கள். நிரல்களைத் தமக்குள் பகிர்ந்தார்கள். குறைகளைத் தொகுத்து விற்றவன் முன் வைத்தார்கள்.

இந்தியாவிலும் அத்தகைய கழகங்கள் எழுந்தன. அனைத்திந்திய ஆரக்கிள் பயனர் குழுவினர் தாம் கூட்டிவந்த ஆண்டு மாநாட்டிற்கு இட்ட பெயரைக் கேட்டால் வியப்பீர்கள்: சங்கம்! வடவர்க்கு அச்சொல் ஆறுகள் கூடும் இடம். நமக்கோ புலவர் கூடி நூல் ஆய்ந்த இடம். கழகம் என்னும் தூய தமிழ்ச்சொல் இருக்க அச்சொல் எதற்கு என்னும் வழக்கை இங்கு எழுப்பவில்லை. சங்கம் என்று பெயர் இருந்தும் அங்கு ஆய்வுமொழியாக நின்றது ஆங்கிலம் என்பதையே சொல்கின்றேன். பன்மொழியினர் கூடும் இடத்தில் அப்படி நேர்ந்தது என்றால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. திருப்பூரில் தமிழர் நால்வர் கூடினாலும் தொழிலைப் பற்றி ஆங்கிலத்தில்தான் முணுமுணுக்க வேண்டும் என்றிருக்கின்றதே, அது யார் குறை?

தமிழில் முடியாது என்பார்க்கு விடை, சொல்லில் இல்லை, செயலில் இருக்கின்றது. சென்னையில் 1998 முதல் இயங்கிய லினக்சு பயனர் குழுவின் வழிவந்த ஆர்வலர்கள், 2012-இல் கணியம் என்னும் இதழைத் தொடங்கினர். கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதினர். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தைப் பற்றி து. நித்யா எளிய தமிழில் ஒரு நூலே எழுதி, யாவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிட்டார். விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் அத்தகைய பயனர் குழுக்கள் எழுந்து ஊர்ப்புறத்து மாணவர்க்குத் தமிழில் கற்பித்தன. விழுப்புரத்தால் முடிந்தது, உலகிற்கே உடுத்தக் கொடுக்கும் திருப்பூரால் முடியாதா? காஞ்சியால் முடிந்தது ஊத்துக்குளியால் முடியாதா?

நம்மவர்க்கும் சில சொற்கள்

பிறரைக் கடிந்தோம். இனி நம்மையும் கடிந்துகொள்வோம். சொல்லாக்கத்தில் நாம் காட்டும் ஊக்கத்தில் பத்திலொரு பங்கைச் செயலில் காட்டுகின்றோமா? காப்புப்படியா, காப்புநகலா, பிற்காப்பா என்று மூன்று ஆண்டுகள் வழக்காடுகின்றோம். (நகல் அரபு வழி வந்த சொல், ஆகவே அது வேண்டா. அவ்வளவில் நிறுத்துவோம்.) வழக்காடும் நாம், நம் இயக்க இதழ்களின் பழந்தொகுதிகளுக்குப் படி எடுத்து வைத்திருக்கின்றோமா? ஒரே வீட்டுப் பரணில், ஒரே மரப்பெட்டியில் இருக்கும் தொகுதிகள் எத்தனை! தனித்தமிழ் அகரமுதலித் தொகுப்புக் குறிப்புகள் ஒரே கணிப்பொறியில் இருந்து, அப்பொறியோடு போனால் யாரை நோவது? ஒரு சொல் வாழ்வது அகராதியில் அன்று. கையாளும் தொழிலாளி நாவில். காப்புப்படி என்னும் சொல்லை ஆலையில் ஒரு மேற்பார்வையாளர் நாள்தோறும் சொன்னால் அது வாழும். நாம் மட்டும் இதழில் எழுதினால் அது பாடம் செய்த பறவை.

ஆலை முதலாளிமார்க்கு ஒன்று. எந்திரம் வாங்கக் கோடி கொடுக்கின்றீர்கள். எந்திரம் ஈட்டியதன் கணக்கைக் காக்கத் தனி வன்தட்டு ஒன்று வாங்கத் தயங்குகின்றீர்கள். 2022 நவம்பரில் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணிப்பொறிகளைக் கொள்ளையர் முடக்கியபோது, நாட்டின் தலையாய மருத்துவமனை பல நாள் கையால் எழுதிப் பணி செய்ய நேர்ந்தது. அவர்க்கே அந்நிலை என்றால் உங்கள் நிலை என்ன?

கற்ற இளைஞர்க்கு ஒன்று. நீங்கள் ஆங்கிலத்தில் கற்றதை நாம் பழிக்கவில்லை. கற்றதை ஆங்கிலத்திலேயே பூட்டி வைப்பதைத்தான் பழிக்கின்றோம். உங்கள் அறிவு உங்களுக்கு ஊதியம் தந்தது. உங்கள் அன்னை தைத்த கூடத்திற்கு அது என்ன தந்தது?

செய்ய வேண்டுவன

வெற்று முழக்கம் வேண்டா. இன்றே தொடங்கத் தக்கவை இவை:

முதலாவது, ஒவ்வோர் ஆலையிலும் மீட்பு நடைமுறைத் தாள் தமிழில் எழுதப்பட வேண்டும். எந்தப் பொறி, எந்தத் தட்டு, எந்த வரிசை, யாரைக் கேட்பது என்பன ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பொறிக்கு இடும் கட்டளை எந்த மொழியில் இருப்பினும், அதன் பொருளும் அதன் பின் நிகழ்வதும் தமிழில் இருக்கட்டும். எழுதிய காப்பாளர் அல்லாத வேறொருவர் அதனைப் படித்து மீட்டுக் காட்ட வேண்டும். அப்போதே அது முடிந்த தாள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர். அதனை உறையிலிட்டுப் பூட்டி வையுங்கள்.

இரண்டாவது, திங்களுக்கு ஒருமுறை, குறித்த ஒரு நாளில், படியை வேறொரு பொறியில் மீட்டுப் பாருங்கள். பார்க்கும்போது எண்களை மட்டும் பாராதீர். ஊத்துக்குளி என்னும் பெயரைத் தேடுங்கள். பெயர் வந்தால் படி உயிரோடு இருக்கின்றது. வினாக்குறி வந்தால் அன்றே திருத்துங்கள்.

மூன்றாவது, படிகளுள் ஒன்று இணைப்பிலிருந்து கழற்றப்பட்டு வேறூரில் இருக்கட்டும். முகிலில் இடப் பணமில்லையா? ஊத்துக்குளி ஆலையின் படியைக் குறியீட்டால் பூட்டிக் காங்கயத்து உறவினர் ஆலையில் வையுங்கள்; காங்கயத்தார் படியை இங்கு வையுங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களுக்குள் படி கொடுத்துப் படி எடுக்க இயலாதா?

நான்காவது, தொழிலாளர் பெயரும் ஊரும் தமிழில் முதன்மையாகவும், பிற எழுத்தில் துணையாகவும் பதியப்பட வேண்டும். ஒடிசா, பிகார் மாநிலங்களிலிருந்து வந்து நம்மோடு தைப்பவர் பெயரும் அவரவர் மொழியில் பிழையின்றி நிற்கட்டும். தன் பெயரைப் போற்றுபவன் பிறர் பெயரையும் போற்றுவான்.

ஐந்தாவது, ஊத்துக்குளியிலும் திருப்பூரிலும் தமிழ்த் தரவுக் காப்பாளர் கழகம் ஒன்று கூட வேண்டும். கணக்கர், காப்பாளர், மேற்பார்வையாளர், பல்தொழில் கல்லூரி மாணவர் என யாவரும் வரலாம். திங்களுக்கு ஒரு மாலை போதும். இந்தத் திங்களில் எது கெட்டது, எப்படி மீட்டோம் என்று ஒருவர் பேசட்டும். ஆலைப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பேசியதை இன்னொருவர் தமிழில் எழுதட்டும். பன்னிரண்டு திங்களில் பன்னிரண்டு குறிப்புகள் சேரும். அதுவே தமிழில் இத்துறையின் உயிருள்ள நூல்.

தோழர்களே! மொழியைக் காப்பது வேறு, வாழ்வைக் காப்பது வேறு என்று நம்மை நம்ப வைத்தவர் பலர். ஒரு தையற்காரியின் பெயர் பொறியில் வினாக்குறியாகும் போது, அவள் மொழியும் அவள் கூலியும் ஒரே நேரத்தில் அழிகின்றன. அவள் பெயரைத் தமிழில் எழுதிப் படியெடுத்து, வேறூரில் வைத்து, மீட்டுப் பார்க்கும் போது, அவள் மொழியும் அவள் கூலியும் ஒரே நேரத்தில் காக்கப்படுகின்றன.

கல்லில் படியெடுத்தவர் பெயரர் நாம். வன்தட்டில் படியெடுக்க நாணுவானேன்? அதனைத் தமிழில் சொல்ல அஞ்சுவானேன்?

படியெடுப்போம்! மீட்டுப் பார்ப்போம்! தமிழில் எழுதி வைப்போம்!